காட்டுமிராண்டிப் பக்கம்

அந்த நாற்காலி வேணாம் பாஸ்டர், அது அவன் பக்கம். இப்படி வாங்க, சன்னலோரமா உக்காருங்க. மேசைல முழங்கை படாம பாத்துக்கங்க, ஈட்டியெல்லாம் ஊசியாட்டம் குத்தும். ஈயப் பொம்மைதான். சுண்டுவிரல் உசரம் கூட இல்ல, ஆனா ஒருத்தன் சாஞ்சா அவன் எங்க நின்னான்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள உசுரு போயிடும்.

கேட்டுச்சு, கேட்டுச்சு. நாளைக்கு வில்ஃபோட சவப்பெட்டியத் தூக்க ஆள் வேணும். ஆறு பேர் வேணும், அஞ்சு பேர் தேறியிருக்கு, அதுலயும் பாதி கூலிக்கு வர்ற ஆளுங்க. கிளப்புல மேசை மேசையா கேட்டுட்டு வந்திருக்கீங்க, ஒருத்தனும் நிமிந்து பாக்கல. நீங்க ஊருக்குப் புதுசு. ஸ்ட்ரைக் நடக்கறப்ப வேலைக்குப் போன கருங்காலி அவன். கருங்காலி பொணத்தத் தூக்குனவனும் இங்க கருங்காலிதான். மறுநாள்லேருந்து அவனோட ஒரு மேசைல எவனும் உக்கார மாட்டான். அதெல்லாம் முடிஞ்சு கால் நூற்றாண்டு ஆச்சேன்னுதான கேக்கறீங்க? ஆச்சு. கரிச் சுரங்கத்தையே மூடி மேல புல்லு மொளச்சிடுச்சு. அது வேற, இது வேற.

பதில் சொல்றேன். அவசரப்படாதீங்க. மொதல்ல மேசையப் பாருங்க.

செவப்புக் கேடயம் வரிசையா நிக்குது பாருங்க, அது ரோமக்காரன். வில்ஃபோட படை. ஆமா, நீங்க ஆள் தேடற அதே வில்ஃபுதான். இந்தப் பக்கம் பாதிப் பேரு சட்டையில்லாம நிக்கறது என்னோடது. காட்டுமிராண்டிங்க.

கடைல விக்கிற விதிப் புஸ்தகம் எல்லாத்தையும் ரோமக்காரனே உக்காந்து எழுதுன மாதிரி இருக்கும் பாஸ்டர். கவசம் போட்டிருக்கானா, பகடைல ஒண்ணு கூட்டிக்க. டிரில் எடுத்தவனா, இன்னொண்ணு கூட்டிக்க. காட்டுமிராண்டிக்கு என்ன குடுப்பான்? கத்திக்கிட்டு ஓடிவந்து மோதுற மொத மோதலுக்கு மட்டும் ஒண்ணு. அதுல எதிரி வரிசைய உடைக்கலன்னா கதை முடிஞ்சது, அப்புறம் பகடை உருட்டறதே வெட்டி வேலை. ரெண்டு பேரும் ஒரே ஷிஃப்ட்ல கரி வெட்டிக்கிட்டிருந்த காலத்துலயே, இது என்ன நியாயம்னு சொந்தமா விதி எழுத ஆரம்பிச்சோம். காட்டுமிராண்டி ஜெயிச்சே ஆகணும்னு இல்ல. ஜெயிக்க ஒரு வழியாவது இருக்கணும்ல?

அப்புறம் ஸ்ட்ரைக் வந்துச்சு. ஒரு நாள் பொட்டல்ல மறியல். நல்ல வெயிலு, நாங்க பனியனோட நிக்கறோம். எதிர்ல ஆளுயரக் கேடயம் வச்சுக்கிட்டு போலீஸு. எல்லாப் பயலும் லத்தியால கேடயத்தத் தட்டறான், ஒரே தாளத்துல. திடுதிப்புனு நடுவுல வரிசை பொளந்துச்சு, உள்ளேருந்து குதிரை வருது. விழுந்தடிச்சு ஓடறோம், என் மண்டைல ரத்தம். வில்ஃபு பக்கத்துல ஓடிக்கிட்டே சொல்றான், கிளெம், கேடயம் தட்டற சத்தத்துக்கு நாம ஒரு விதியும் போடலியேங்கறான். சிரிச்சுட்டேன் பாஸ்டர். ரத்தம் வாய்க்குள்ள போகுது, சிரிக்கறேன்.

பின்னால நிக்குது பாருங்க வண்டிங்க, காட்டுமிராண்டியோட பொண்டு புள்ளைங்க எல்லாம் அதுலதான். கடைப் புஸ்தகத்துல அது வெறும் தடுப்பு. நான் மாத்துனேன். வண்டி பின்னால நின்னா எவனும் சுலபத்துல ஓட மாட்டான், அதுக்கு ரெண்டு கூட்டிக்கலாம்னு. ஏன்னா ஸ்ட்ரைக்கப்ப எங்களுக்குச் சோறு போட்டது இந்த ஊர்ப் பொம்பளைங்க, இதே ஹால்ல அண்டா வச்சு. உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும். மறுபடியும் உருளைக்கிழங்கு. ஆனா போட்டாங்க.

ஸ்ட்ரைக்கோட கடைசிக் குளிர்ல வில்ஃபு வேலைக்குப் போயிட்டான். சன்னலுக்குக் கம்பி வலை போட்ட பஸ்ஸு, அதுல ஏறிப் போயிட்டான். அவன் கைக்குழந்த நெஞ்சுச் சளியோட கெடந்துச்சு, அடுப்புல போடக் கரி இல்ல. கரி வெட்டறவன் வீட்ல கரி இல்ல. என் வீட்லயும்தான் இல்ல! நான் சுரங்கத்து வாசல்ல நிக்கறேன், பஸ் என்னைத் தாண்டுது. உள்ளேருந்து என்னையே பாத்தான். நான் திரும்பி முதுகைக் காட்டுனேன். அதோட பேச்சு நின்னுச்சு.

ஆட்டம் நிக்கல. சொன்னா நம்ப மாட்டீங்க. புதன்கிழமை காலைல, கிளப்பு தொறக்கறதுக்கு முன்னால, நோரீன் கூட்டிப் பெருக்கற நேரத்துல பின்வாசல் வழியா வந்து அவன் படைய நகத்திட்டுப் போவான். ஞாயித்துக்கிழமை நான் வந்து என்னுத நகத்துவேன். ஆமா, பார்ல பீர் ஊத்துற அதே நோரீன்தான். அவதான் நடுவுல ஆளு. அவகிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன், விதியப் பத்தி சொன்னான்னா கொண்டு வா, வேற ஒரு வார்த்தை கொண்டு வராதன்னு. ஒருவாட்டி, கிளெம், அவன் பொண்டாட்டிக்கு உடம்புன்னு ஆரம்பிச்சா. அது விதியில இருக்கான்னு கேட்டேன். தொடப்பத்த எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டா. அந்தப் பொம்பள செத்ததே பேப்பர்ல பாத்துதான் தெரிஞ்சுச்சு.

ஒரு தடவ சொல்லி அனுப்பறான், பசிக்கு ஒரு விதி வேணும்னு. காட்டுமிராண்டிய எவனும் வெட்டி ஜெயிக்கல, பட்டினி போட்டுத்தான் ஜெயிச்சான். ஆட்டம் இழுத்துச்சுன்னா ஒவ்வொரு கூட்டமும் பகடை போடணும், ஒண்ணு விழுந்தா வீட்டுக்குப் போயிடணும். ஓடறது இல்லியாம், நடந்து போறதாம். அத அழுத்திச் சொல்லச் சொன்னானாம். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! குப்பைல போடச் சொல்லுன்னேன். அப்புறம் யோசிச்சு யோசிச்சு நானே சேத்துட்டேன். நியாயமான விதி அது. விளையாட்டுன்னு வந்தா வில்ஃபு ஏமாத்த மாட்டான்.

அவ்வளவு விதி போட்டும் நான் ஒரு தடவ கூட ஜெயிச்சதில்ல. நெருங்கி வருவேன், கவுந்துடுவேன்.

இப்பக் கடைசி ஆட்டத்தப் பாருங்க. ஆத்துக்கும் மலைக்கும் நடுவுல வண்டியோட மாட்டிக்கிட்டேன். தப்பிக்க இந்த ஒரு ரோடு, அதையும் அவன் குதிரைப்படை அடைச்சு நின்னுச்சு. போன ஞாயிறுக்கு முந்துன ஞாயிறு வந்து பாக்கறேன், குதிரையெல்லாம் ரோட்ட விட்டு ஓரமா ஒதுங்கி நிக்குது. ரோடு ஹோன்னு கெடக்கு. கெழவனுக்குக் கண்ணு போச்சு, தப்பா நகத்திட்டான்னு நெனச்சேன். வண்டிய அங்கயே விட்டுட்டு மொத்தப் பேரையும் அந்தச் சந்துல வுட்டு, பின்னால போயி அவன் தளபதியச் சாச்சேன். காட்டுமிராண்டி ஜெயிச்சுட்டான்! கிளப்புல எல்லாருக்கும் என் செலவுல பீரு. நோரீன் மட்டும் தொடல.

புதன்கிழமை அவன் வந்து மேசையவே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னானாம். வண்டியக் கெளப்பலியான்னு மட்டும் கேட்டானாம். வெள்ளிக்கிழமை நெஞ்சு அடைச்சுப் போயிட்டான்.

நேத்துதான் நோரீன் வாயத் தொறக்கறா. அவன் தப்பா நகத்தல, கிளெம். வண்டியெல்லாம் வெளிய போகட்டும், வழி விட்டுட்டேன்னு சொல்லுன்னுதான் சொன்னான்ங்கறா. ஏண்டி எங்கிட்ட சொல்லலன்னு கத்துனேன். அது விதியில இல்லியே கிளெம்ங்கறா.

இல்லதான் பாஸ்டர். கேடயத்துக்கு எழுதுனோம், பசிக்கு எழுதுனோம், மழைல சேறானா எத்தன அங்குலம் நடக்கலாம்னு எழுதுனோம். ஒருத்தன் வழி விட்டா என்ன பண்றதுன்னு ரெண்டு பேரும் எழுதல. எவ்வளவு பெரிய முட்டாப் பய நான்.

இல்ல, ஒண்ணும் இல்ல, உக்காருங்க.

எத்தன மணிக்கு? சரி. எனக்கு வலப்பக்கம் குடுங்க, இடது தோள்ல தாங்கிக்கறேன், வலது தோளு சுரங்கத்துலயே போச்சு. வெளிய இருக்கறவனுங்களா? அவனுங்க என்ன வேணா பண்ணிக்கட்டும். நாளன்னைக்கு நானும் பின்வாசல் வழியா வர்றேன்.

அவன் பொண்ணுகிட்ட என்ன சொல்லணுமா? எங்கப்பா வழியில இனி ஆம்பள யாரும் இல்லன்னு சொல்லிச்சா உங்ககிட்ட? ம். அதுக்கு எப்படித் தெரியும், அப்ப சளியோட தொட்டில்ல கெடந்த புள்ள அதுதான்.

அதோட சொந்தப் பெரியப்பா வர்றேன்னு சொல்லுங்க.