செப்டம்பர் இதழுக்கு முப்பது நாள்

நீங்கள் அதைப் பேப்பர் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். பேப்பர் என்றால் தினசரி. ஒரு நாள் உயிரோடு இருக்கும், மறுநாள் அதில் வடை மடிப்பார்கள். நான் நடத்துவது மாத இதழ். இந்த வித்தியாசத்தை முதலில் எழுதிக்கொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரிந்துவிடும்.

சித்தூரில் எங்கள் தமிழ்ச் சபைக்காகப் பதினொரு வருடமாக வருகிறது. ஞானஸ்நானம், கலியாணம், மரணம், போதகர் பிரசங்கத்தில் ஒரு பக்கம். அச்சுக் கோக்கத் தணிகாசலம் என்றொருவர் இருக்கிறார். மற்றதெல்லாம் இந்த அசரியாதான். சமீப காலம் வரை ஒரு திருத்தம்கூட வெளியிட்டதில்லை. பெரிய ஊர்ப் பத்திரிகைகள் வாரம் தவறாமல் 'வருந்துகிறோம்' என்று போடுகின்றன. வருந்துவதற்கென்றே அங்கே ஓர் ஆள் வேலையில் இருப்பார் போலிருக்கிறது.

ஆந்திர ராஜ்யம் வந்தபிறகு மறுபடியும் பதிவு செய்யச் சொன்னார்கள். கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா படிவத்தை நீட்டி, தின பத்ரிகாவா, வார பத்ரிகாவா, பக்ஷ பத்ரிகாவா, மாச பத்ரிகாவா என்று கேட்டார். மாசம் என்றேன். அதைச் சபைக் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னபோது கிருபானந்தம் எழுந்தான். மிஷன் பள்ளி வாத்தியார், எங்கள் சபையைச் சேர்ந்த தபீதாளின் ஒரே மகன்.

"மாசா மாசம் வந்தாத்தானே ஐயா மாத இதழு? ஈஸ்டர் சேதி ஜூன்ல வருது. 'வந்தா வரும்'னு எழுதிக் குடுத்திருக்கலாம்," என்றான்.

சபையே சிரித்தது. போதகர்கூட வேதாகமத்தால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று முதல் ஒன்றாம் தேதி தவறியதில்லை.

ஒன்றாம் தேதி போய்ச் சேர வேண்டுமானால் முந்தின மாதம் இருபத்தைந்தாம் தேதி அச்சேற வேண்டும். போன ஆகஸ்ட் இருபத்தைந்தில் தபீதாள் இருதய நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வாரம் தாண்டாது என்றார் டாக்டர். படித்தவர் சொல்லை நான் சந்தேகிப்பதில்லை. போகப்போகிறவளுக்காகக் காத்திருந்து அக்டோபரில் செய்தி போட்டால், மகன் மறுபடியும் எழுந்து நிற்பான். ஆகவே கறுப்புக் கட்டம் கட்டி, 'திருமதி தபீதாள் அம்மாள், வயது 64, இம்மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று செப்டம்பர் இதழில் ஏற்றினேன். தேதி போடவில்லை. எனக்கும் பொறுப்பு உண்டல்லவா.

ஒன்றாம் தேதி இதழ் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. முந்தின நாள் தபீதாளும் பிழைத்து வீடு போய்ச் சேர்ந்திருந்தாள். பாட்டுப் புத்தகமும் கையுமாகத் துக்கம் கேட்கப் போன சபையாருக்கு அவளே காப்பி கொடுத்தாளாம். நானும் போனேன். மடியில் இதழை விரித்து வைத்திருந்தாள். என் வாசகர்களில் கடைசிப் பக்கம் வரை படிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

"இன்னாண்ணே, என்னை அடக்கமே பண்ணிட்டீங்க. வயசாவது சரியாப் போடக் கூடாதா? அறுபத்திரண்டுதான் ஆவுது," என்று சிரித்தாள். "ஒரு திருத்தம் போட்டுடுங்க. கிருபா எழுதித் தரேன்னு சொல்லிக்கினு இருக்கான்."

அவளுக்குக் கோபமே இல்லை. கோபித்திருந்தால் ஒருவேளை நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன். கிருபானந்தம் எழுதப்போகும் திருத்தத்தை நினைத்தேன். அதை அவன் சபை நடுவில் நின்று வாசித்தே காட்டுவான். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு அமைதியாக யோசித்தேன். தினசரி அன்றோடு சரி. வார இதழுக்கு ஏழு நாள். மாத இதழ் அந்த மாதம் முழுவதும் செல்லும். நான் போட்டது செப்டம்பர் இதழ், எழுதியது 'இம்மாதம்'. ஆக என் செய்தி இன்னும் தவறாகவில்லை. முப்பதாம் தேதி வரை அவகாசம் இருந்தது.

எல்லைப் பிரச்சினை வந்து எனக்கு உதவியது. எல்லையோர ஊர்களை மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி மனு தயாரானது. பாலசமுத்திரம், விஜயபுரம் என்று ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கக் கிருபானந்தம் புறப்பட்டான். போகுமுன் என்னிடம் வந்தான்.

"அம்மாவுக்குச் சொட்டு மருந்து தீரப் போவுது ஐயா. ஒரு நாள்கூட நிக்கக் கூடாதுன்றார் டாக்டர். நீங்க மை வாங்க வேலூர் போறீங்களே, வாங்கியாந்து குடுத்துடுங்க. உங்களைத்தான் நம்பிக்கினு போறேன்."

ஒரு நாள்கூடத் தவறக் கூடாதாம். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்.

வேலூர் போனேன். மருந்தும் வாங்கினேன், வாங்கவில்லை என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. சின்னச் சீசா. அவள் பெயரும் செப்டம்பர் ஒன்பது என்ற தேதியும் எழுதி ஒட்டிக் கொடுத்தார்கள். அச்சுக்கூடத்தில் எழுத்துப் பெட்டியில் 'ஔ' கிடக்கும் அறையில் அதை வைத்தேன். வருடத்துக்கு ஒரு தரம்கூட யாரும் கை விடாத அறை அது. தபீதாளிடம், கடையில் ஸ்டாக் இல்லையாம் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். மூன்றாம் வாரம் போனபோது கால் வீங்கி, உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டாள். மகன் வரட்டும் என்றேன்.

"பரவால்லண்ணே, என்னால உங்களுக்குத்தான் அலைச்சல்," என்றாள்.

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, நான் கல் அல்ல. ஆனால் இருபத்தைந்தாம் தேதி அக்டோபர் இதழைத் திருத்தம் இல்லாமலே அச்சேற்றியாகிவிட்டது. அதற்குமேல் அவள் தேறினால் யாருக்கும் மரியாதை இல்லை.

இருபத்தொன்பதாம் தேதி காலையில் போனாள். ஒரு நாள் மிச்சம் இருந்தது. கல்லறையில் கிருபானந்தம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் செய்த உதவியை மறக்க மாட்டானாம்.

நேற்று ஒரு மருந்துக்கடைக்காரர் நோட்டீஸ் அடிக்க வந்தார். தலைப்பு 'ஔஷதசாலை'. தணிகாசலம் 'ஔ' தேடி அந்த அறைக்குள் கை விட்டார், சீசா வந்தது. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை, எழுத்தைத் தேடுவது அவர் வேலை.

இன்னொன்று விட்டுப்போயிற்று. அடக்கம் முடிந்த மறுநாள் கிருபானந்தம் அவளுடைய ஞானஸ்நானச் சீட்டோடு வந்தான். சாகுமுன் அம்மா கடிதம் போட்டிருந்தாளாம், வயதை மட்டுமாவது சரி செய்யச் சொல்லி. செத்தவள் ஆசை, எப்படி மறுப்பது? நவம்பர் இதழில் போட்டேன். '64 என்பதை 62 என்று வாசிக்கவும். வருந்துகிறோம்.' பதினொரு வருடத்தில் முதல் திருத்தம். நானே கோத்தேன், கால்மணி நேரம்கூட ஆகவில்லை. சபை முழுக்கப் படித்தது.

ஒருத்தரும் சிரிக்கவில்லை, இன்ஸ்பெக்டர்.