மேலே மாட்டிய டிஸ்க்

— கணக்கு எங்கேயோ இடிக்குது அக்கா. டிஸ்க் நிறைஞ்சு வழியுதுங்குது. உள்ள இருக்கறதையெல்லாம் கூட்டிப் பார்த்தா பாதிகூடத் தேறல.

— கணக்கெல்லாம் எனக்கு எதுக்குடி? இடம் பண்ணிக் கொடு, போதும். காலையில மெஷினைப் போட்டதுமே இடம் இல்ல, இடம் இல்லன்னு உயிரை வாங்குது.

— வாங்காம என்ன பண்ணும்? ஆறு மாசமா அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கல. அத்தான் இருந்தா...

— அந்தப் பேச்சே வேண்டாம். சாயங்காலம் அப்பா வர்றார், உன் அத்தான் வீட்டுப் பெரியவங்களும் வர்றாங்க. பிரிஞ்சுக்கறதுன்னு பேசி முடிக்கப் போறோம். அதுக்குள்ள நீ இந்த வேலையை முடி.

— சரி தாயே, வாயைத் திறக்கல. மெஷின்கிட்டயே கேட்டுக்கறேன். findmnt.

— என்னமோ அடிச்சியே, அது என்ன? பாதியில விட்ட மாதிரி இருக்கு.

— அவ்வளவுதான் அந்தக் கமாண்ட். இந்த மெஷின்ல எந்த டிஸ்க் எந்த ஃபோல்டர்ல மாட்டியிருக்குன்னு கிளை கிளையா பிரிச்சுக் காட்டும். இதோ, மேல நிக்கறது மெயின் டிஸ்க். அதுலேருந்து இங்க ஒரு கிளை போகுதே... அக்கா, நீ வரையற வீட்டு பிளான் எல்லாம் எந்த ஃபோல்டர்ல வெக்கறே?

— 'வேலை'ன்னு ஒண்ணு இருக்கு பாரு, அதுல. பழசும் அதுலதான் இருந்தது. மூணு வருஷம் குனிஞ்ச தலை நிமிராம வரைஞ்சது. ஒருநாள் காலையில திறக்கறேன், துடைச்சு விட்ட மாதிரி காலி.

— முந்தின நாள்தானே உங்க ரெண்டு பேருக்கும் சண்டை?

— சண்டை போட்டதும் அவர்தான், பாஸ்வேர்ட் தெரிஞ்சதும் அவர்தான். கோபத்துல அழிச்சுட்டார். இதுல துப்பு துலக்க என்ன இருக்கு?

— இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணார்.

— பண்ணார். நீ நம்பினியா?

— நம்பல. இரு, 'வேலை'ன்னு பேரைக் கொடுத்துத் தேடறேன். அந்த இடத்துல எந்த டிஸ்க் உட்கார்ந்திருக்குன்னு சொல்லும்... இது மெயின் டிஸ்க் இல்லக்கா. வேற ஒண்ணு. பெருசு. யார் வாங்கினது?

— அவர்தான். சண்டைக்குக் கொஞ்ச நாள் முந்தி. உனக்கு இடம் பத்தாது, பெருசா ஒண்ணு மாட்டித் தர்றேன்னார். மாட்டினாரா, அப்படியே போட்டாரான்னு நான் கேட்டுக்கல.

— பெட்டிக்குள்ள மாட்டிட்டார். அடுத்த தடவை மெஷின் எழுந்ததும் இது 'வேலை'யில வந்து உட்காரணும்னு எழுதியும் வெச்சிருக்கார். பழசை இதுக்குள்ள காப்பி பண்றதுதான் பாக்கி. அக்கா, அன்னைக்கு கரண்ட் போச்சா?

— போச்சு. சண்டையே இருட்டுலதான் நடந்தது. ஏன் கேட்கறே?

— நீ வரைஞ்சுட்டு இருக்கறதை மூடு. அந்த ஃபோல்டர்ல எதையும் திறந்து வெக்காதே. உள்ள ஆள் இருந்தா டிஸ்க் கழல மாட்டேன்னு அடம் பிடிக்கும்.

— மூடிட்டேன்.

— கமாண்ட் போட்டே கழட்டறேன்.

— ஐயையோ! என் புது பிளான் எல்லாம் எங்கடி? பாவி, இருந்ததும் போச்சா?

— போகல. கழட்டின டிஸ்க்ல பத்திரமா இருக்கு. இப்ப அதே ஃபோல்டர்ல என்ன தெரியுது? நீயே படி.

— பல் டாக்டர் வீடு... மரக்கடைக்காரர் மாடி... ரெட்டைப் பிள்ளைக்காரங்க வீடு...

— பழசுதானே?

— எல்லாமே இருக்கு.

— அழியவே இல்லக்கா! ஒரு ஃபோல்டர் மேல டிஸ்க்கை மாட்டினா, அதுக்கு முன்னாடி அங்க இருந்தது கண்ணுக்குத் தெரியாது. துணி அடுக்கின அலமாரிக்கு முன்னாடி காலி அலமாரியை நகர்த்தி வெச்ச மாதிரி. கரண்ட் வந்து மெஷின் எழுந்ததும் காலி டிஸ்க் மேல வந்து உட்கார்ந்துடுச்சு. மறைஞ்சது இடத்தை அடைச்சுது, கூட்டிப் பார்த்தா கணக்குல வரல; அதான் இடிச்சது. அத்தானைக் கொஞ்ச நேரம் கீபோர்டைத் தொட விட்டிருந்தா அவரே கண்டுபிடிச்சிருப்பார்.

— தொட விடல. வாசல்லயே நிறுத்தினேன்.

— நானும் என் பங்குக்கு நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டேனே! நல்லவேளை, அப்பா வர்றதுக்குள்ள தெரிஞ்சது. உன் வயித்துல பாலை வார்த்திருக்கேன், நீ என்னடான்னா பேயறைஞ்ச மாதிரி நிக்கறே. என் போன் எங்க? இதோ இருக்கு. அத்தானுக்கு நான்தான் முதல்ல சொல்லுவேன்.

— போனைக் கீழ வை.

— ஏன், நீயே சொல்றியா?

— அந்தப் புது டிஸ்க்கை மறுபடியும் மேல மாட்டினா இதெல்லாம் என்ன ஆகும்?

— ஒண்ணும் ஆகாது. கீழ மறைஞ்சு கிடக்கும். என்னைக்கு யார் கழட்டினாலும் திரும்பத் தெரியும்.

— என்னைக்குமா?

— என்னைக்கும். என்ன கேள்விக்கா இது? அந்த மனுஷன் மேல தப்பே இல்ல!

— இல்லதான். குடிக்கல, அடிக்கல, ஒரு கெட்ட வார்த்தை பேசினதில்ல. அவரோட இருக்க மூச்சு முட்டுதுப்பான்னு எத்தனை தடவை அப்பா முன்னாடி போய் நின்னேன் தெரியுமா? தங்கமான மாப்பிள்ளை, உனக்குத்தான் கொழுப்புன்னு ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பினார்.

— எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே.

— சொன்னேன். நீ சிரிச்சே. இந்த ஃபோல்டர் காலியானப்புறம்தான் ஏன் பிரியறேன்னு யாரும் என்னைக் கேட்கல. இப்பத்தான்டி நான் நிம்மதியா தூங்கறேன்.

— அதுக்காக அவர் தலையில பழியைப் போடறதா? என்னால மறைக்க முடியாதுக்கா. அப்பா வந்ததும் இந்தத் திரையைத் திருப்பிக் காட்டத்தான் போறேன்.

— காட்டுவே. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? கீபோர்டை இப்படிக் கொடு.

— எதுக்கு?

— இந்தப் பழசை மொத்தமா அழிக்கணும்னா என்ன அடிக்கணும்?