அஞ்சாம் நம்பர் வள்ளம்

"அப்பா, எங்கை நிக்கிறியள்? எனக்கு இப்ப தெரியோணும்!"

கேட்கவே கூடாது என்று சொல்லி வைத்திருந்ததைச் சிவகௌரி கேட்டுவிட்டாள்.

நடுச்சாமம் இல்லை... உச்சிப் பொழுது. தொண்டைமானாற்றிலிருந்து வல்லை வெளிக்குப் போகும் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. தெருவோரம் மீனவர் சங்கத்தின் றேடியோ அறை. சிவகௌரிக்கு அங்கேதான் வேலை. வீட்டின் முதல் பட்டதாரி, வாய்க்காரி.

அறையில் ஒரு பழைய கணினி. அதன் முதுகிலிருந்து ஊசிப் பல் வைத்த தடித்த வயர் ஒன்று றேடியோவுக்குப் போகிறது. வள்ளத்தின் நம்பரை அடித்தால் றேடியோ கூப்பிடும். வள்ளம் நிற்கும் இடம் திரையில் விழும். றேடியோ பேசினால் சிவப்பு விளக்கு. கடலிலிருந்து குரல் வந்தால் பச்சை.

"எல்லாரையும் கூப்பிடு பிள்ளை. அஞ்சாம் நம்பரை மட்டும் கூப்பிடாதை," என்றிருந்தார் சங்கத்துக் குகதாசன்.

"கூப்பிட்டால் கடிக்குமோ அண்ணை?"

"கம்பஸிலை படிச்சனியெல்லோ... நீயே யோசி."

அஞ்சாம் நம்பர் அவளுடைய அப்பாவின் வள்ளம். கார்த்திகைப் புயலில் அவரோடு சேர்ந்து போனது. ஒரு துண்டுகூடக் கரைக்கு வரவில்லை. அன்றிலிருந்து தம்பி லக்சன் தேடுகிறான். எல்லா வள்ளமும் கரையேறிய பிறகும் அவன் மட்டும் கடலில். இன்றைக்கும். இடம் தெரிந்தால்தான் அவன் தேடுவதை விடுவான். அதற்காகத்தான் நம்பரை அடித்து, மைக்கில் கத்தினாள்.

மைக்கை விட்டாள். பச்சை வரவில்லை. சிவப்பு அணையவும் இல்லை.

றேடியோ தானாகப் பேசிக்கொண்டிருந்தது... யாரோடோ. அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை. ஈரக் கயிற்று மணம் மட்டும்.

குகதாசன் ஓடி வந்தார். "வயரைக் கழட்டு பிள்ளை!"

கழற்றினாள். மின்சாரத்தையும் பிடுங்கினாள். அப்போதும் சிவப்பு எரிந்தது. கையிலிருந்த வயரின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. டொக்... டொக்...

பிறகு பச்சை. லக்சனின் குரல், சந்தோசமாக.

"ஓம் அப்பா... கேக்குது. அங்கையே நில்லுங்கோ. வாறன்."

"தம்பி! அது அப்பா இல்லையடா! திரும்பு!"

மைக் செத்துக் கிடந்தது.

சிவகௌரி வள்ள எஞ்சினுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கினாள். குகதாசன் வாசலை மறித்தார்.

"கடலுக்கோ? உனக்கென்ன விசரே?"

"விலகுங்கோ அண்ணை. கூப்பிட்டது நான்."

வெயிலுக்குள் இறங்கிக் கரைப்பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வாயும் திறக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் றேடியோ கரகரத்தது. வந்தது அவளுடைய குரல்.

"ஓம் அப்பா... நானும் வாறன்."