வேலம்மாவின் குரலைத் திருத்திய விதம்

வேலம்மாவுக்குப் பாட வராது என்று முதலில் சொன்னது நான் இல்லை. ஊரே சொன்னது. அப்துல் ஹை மரைக்காயரே, உங்கள் கோட்டைத் துரைக்கு நான் சொல்வதை அப்படியே மொழிபெயர்த்துவிடுங்கள். மெருகு வேண்டாம்.

மார்கழிப் பனியில் கடலிலிருந்து திரும்பும் படகுகளுக்கு முகத்துவாரம் கண்ணுக்குத் தெரியாது. மணல்மேட்டில் ஒரு பெண் நின்று பாட வேண்டும். குரல் வரும் பக்கம் படகைத் திருப்பினால் ஏரிக்குள் வந்துவிடலாம். தவறினால் இரண்டு பக்கமும் அலை உடைகிற மணல்திட்டு. பசியாவரம் குப்பத்தில் அந்த வேலை வேலம்மாவுடையது. எண்ணெய் காணாத ராட்டினம் போலக் குரல். நான் காட்டூர்க்காரன், பாட்டு வாத்தியார். அதைக் கேட்ட முதல் நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் புருஷன் தேசப்பன் தடுத்தான். "இவ கத்துனா ஆணி அடிச்ச மாரி ஒரே எடத்துல நிக்கும் வாத்தியாரே. அது போதும், வுட்டுடு."

ஞானம் இல்லாதவன். ஆனால் வேலம்மாவுக்கு ஆசை இருந்தது.

இரண்டு மாதம் கழுத்தளவு நீரில் நிற்கவைத்து மூச்சைப் பழக்கினேன். குரலின் கூர் மழுங்கியது. பிறகு கோட்டையில் எண்ணெய் தீர்ந்து ஒதுக்கிய ஆறு பெரிய சாடிகளை வாங்கிவந்து, மணல்மேடு நெடுக, வாய் கடலைப் பார்க்கப் புதைத்தேன். கணு நீக்கிய மூங்கில்களால் எல்லாவற்றையும் இணைத்தேன். அவள் ஒரு முனையில் பாடினால் ஆறு சாடியும் பாடும். எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. பனியே பாடுவது போலிருக்கும்.

"இன்னாடி வேலம்மா, கரை பூரா நீயே நிக்கிறியா?" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு இருசம்மாள்.

முதல் பனி நாளில் இருசம்மாளின் புருஷன் லோகநாதனின் படகு வந்தது. "எங்க நிக்கிற வேலம்மா?" என்று பனிக்குள்ளிருந்து கேட்டான். மறுபடி கேட்டான். மூன்றாம் முறை தெற்குத் திட்டுப் பக்கமிருந்து கேட்டது. பிறகு கேட்கவில்லை. படகில் நான்கு பேர்.

காரணம் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, மறைக்க மாட்டேன். காற்று திரும்பிவிட்டது என்று வேலம்மாவிடம் சொன்னேன். நான்காவது சாடியில் கொஞ்சம் இரைச்சல் இருந்தது. அதைச் சரிசெய்தேன்.

எட்டாம் நாள் தேசப்பனின் படகு. கூட இரண்டு பேர். "எந்தாண்ட நிக்கிற, வேலு?"

வேலம்மா பாதியில் நிறுத்தினாள். மூங்கிலைத் தள்ளிவிட்டுப் பழைய குரலில் கத்த வாயைத் திறந்தாள். இரண்டு மாத உழைப்பு ஒரே கத்தலில் போய்விடும். வாயைப் பொத்தினேன். கடித்தாள்; தழும்பு இருக்கிறது, துரை பார்க்கலாம். கையை எடுக்கவில்லை. மீதிப் பாட்டை மூங்கிலில் நானே பாடினேன். திட்டில் பலகை உடையும் சத்தம் வந்தபோது கடைசி அடியில் இருந்தேன். முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஏழு பேரையும் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஏழு பேரில் ஒருவர்கூடப் பாட்டைக் குறை சொல்லவில்லை, அதையும் எழுதுங்கள்.

அன்றிலிருந்து வேலம்மா வாயே திறப்பதில்லை என்கிறீர்கள். நல்லது. குரலுக்கு ஓய்வு வேண்டும். தையில் மறுபடி ஆரம்பிக்கலாம்.