கடைசிக் குதிரையின் பேர்

திருவொற்றியூர் பஸ் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் சிக்கி நின்றுவிட்டது. முன் சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் ஒரு காலத்தில் காசு வாங்காமல் ஆசைக்காகக் குதிரை ஓட்டியவர், இப்போது பேப்பரில் ரேஸ் பற்றி எழுதுகிறார், மைக்கில் வர்ணனையும் செய்கிறார். பக்கத்திலிருந்த தோஸ்து போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கே இது தெரிந்துபோனது.

"ஜெயிக்கிற குதிரைய சொல்லு மாமு, கேக்குறோம். கடைசியா வர்ற குதிரை பேர இன்னாத்துக்கு சொல்லிகினு கீறே? நேத்து நீ அத்த சொல்றதுக்குள்ள ரேஸே முடிஞ்சி பூட்ச்சி. எவன் ஜெயிச்சான்னே தெர்ல, ஒரே பேஜாரு."

"சொல்லத்தான் செய்வேன்."

"அத்த யாருபா கேக்குறா?"

"நான் மொத தபா ஓட்டுனப்போ கடைசிலதான் வந்தேன். எங்கம்மா ரேஸ பாக்க பயந்துகினு, வெளிய ஸ்பீக்கர்ல கேட்டுகினு இருந்திச்சி. அன்னிக்கு மைக்ல பேசுனவரு மொத நாலு குதிரையோட வுட்டுட்டாரு. என் குதிரை பேரு வரவே இல்ல. நான் கீழ வுயுந்துட்டேன்னு எங்கம்மா நென்ச்சிகிச்சி."

"அப்பால?"

"நான் எறங்கி வந்து பாக்குறேன், அம்மா ஆம்புலன்ஸ் கதவ தட்டிகினு நிக்குது. உள்ள யாருமே இல்ல."

பஸ் நகர்ந்தது. தோஸ்து அவர் தோளில் கை போட்டார்.

"மாமு, இனிமே அந்தக் கடைசிப் பேர கொஞ்சம் சத்தமா சொல்லு."