எரியாத பிரேக் லைட்

இல்ல சார், நீங்க சொல்றது சரிதான். லைட்டு எரியலன்னா தப்புதான், நான் இல்லன்னு சொல்லலயே. ஆனா பட்டப் பகல்ல சார். இந்த வெயில்ல வண்டிக்குப் பின்னாடி ஒரு செவப்பு பல்பு எரிஞ்சா இன்னா, எரியாட்டி இன்னா? உக்காருங்க, இப்படி நெழலா உக்காருங்க. உங்க காரு டயரு பஞ்சர் போட்டு முடிக்கறதுக்குள்ள ரெண்டு டீ குடிக்கலாம். அந்த ஆளு பேசிக்கினேதான் வேலை செய்வாரு. சென்னைலருந்தா? ஊத்துக்கோட்டை வழியாவா வந்தீங்க? திருமலைல உங்களுக்கு தரிசனம் எப்ப? சாயங்காலமா? அப்ப உங்களுக்கு நேரம் இருக்குது. எனக்குத்தான் இல்ல.

முகூர்த்தம் சார். என் பொண்ணு கல்யாணம். அதோ, அந்தத் தென்னந்தோப்புக்கு மேல கோபுரம் தெரியுது பாருங்க, அதான் நாராயணவனம். கோயிலாண்டயே மண்டபம். பெருமாளே தாலி கட்டின ஊருன்னு இந்தச் சுத்துப்பட்டு ஜனம் பூரா அங்க வந்துதான் கட்டும். பொண்ணு பேரு தரணி. நான் பொண்ணைப் பெத்தவன், தாரை வாக்க வேண்டிய கையி, பட்டுக்கரை வேட்டி கட்டிக்கினு டீக்கடை பெஞ்சுல குந்திக்கினு கெடக்கறேன். இதுக்கு இன்னா சொல்றீங்க?

சொல்றேன், முதல்லருந்தே சொல்றேன். நகரியிலருந்து வெள்ளெனவே கெளம்பிட்டேன். பைக்கு எங்கண்ணன் பையன் சுரேஷ்பாபுது. அவன் தறி ஓட்டற பையன், வண்டிய கழுவுவானே தவிர வேற ஒண்ணும் பாக்க மாட்டான். புத்தூரு தாண்டி இந்த ரோட்டுல திரும்பினேன், நடுவுல பேரிகேடு. ரெண்டு கானிஸ்டேபுளு நிக்கிறாங்க. ஒரு எஸ்.ஐ.யும் இருந்தாரு. ஆமா, இருந்தாரு, மூணு பேருன்னு வெச்சிக்கோங்க. ஒருத்தன் கோலை நீட்டறான். யாடிக்கி போதா உண்டாவுன்றான். எங்கடா போறேன்னு கேக்கறான் சார், தலை நரைச்சவனைப் பாத்து.

தெலுங்கு எனக்கு வராம இல்ல. அஞ்சாவது வரைக்கும் தமிழ் மீடியம், அப்புறம் தெலுங்கு மீடியம். வீட்ல துன்றது ஒரு பாசை, ஆபீசுல கை கட்டறது ஒரு பாசை, எங்க பக்கம் எல்லாருக்கும் அப்படித்தான். பெள்ளி சார், என் கூத்துரு பெள்ளி, பொண்ணு கல்யாணம்னு நல்லாத்தான் சொன்னேன். அவன் காதுலயே போட்டுக்கல. வண்டிய சுத்தி வந்தான். பிரேக்க அமுத்துன்றான். அமுத்தினேன். லைட்டு வரலன்றான். நான் எப்படி சார் பாக்கறது? நான் எறங்கி பின்னால போனா பிரேக்க யாரு அமுத்தறது? கழுத்தைத் திருப்பிப் பாக்கறேன், காலு நழுவுது. காலை அமுத்தறேன், கழுத்து திரும்பல. அவனுங்க சிரிக்கறானுங்க. டீ வாங்க வந்தவங்க, பஸ்ஸுக்கு நின்னவங்க, எல்லாரும் சிரிக்கறாங்க. கல்யாண வேட்டியில ஒருத்தன் வண்டி மேல குந்திக்கினு தன் முதுகத் தானே பாக்கத் திண்டாடினா சிரிக்காம இன்னா பண்ணுவாங்க?

லைசென்ஸ் கேட்டாங்க. குடுத்தேன். இல்ல, லைசென்ஸ முதல்ல கேட்டாங்க, பிரேக்கு அப்புறம். அப்படித்தான். அதுல குவைத்துல ஓட்டினதும் ஒண்ணு இருந்தது, பர்ஸுல ரெண்டும் ஒண்ணாத்தான் வெச்சிருக்கறேன். அதப் பாத்துட்டு ஒரு நக்கலு. ஏமய்யா, குவைத்து சேட்டா நீயி? அங்க லைட்டு இல்லாமத்தான் ஓட்டுவியான்னு. இருவது வருசம் சார். அரபிக்காரன் வீட்டுப் பிள்ளைங்களை பள்ளிக்கூடத்துக்கு ஏத்திக்கினு போயி ஏத்திக்கினு வந்தவன் நான். ஒரு கீறல் விழுந்ததில்ல. அந்தப் பிள்ளைங்க வளந்து அவங்களே காரு ஓட்ட ஆரம்பிச்சிட்டாங்க. என்னை சேட்டுன்றான், ஸ்டிக் வெச்சிக்கினு ரோட்டோரம் நிக்கறவன்.

ஏன் அவ்ளோ வருசம்னு கேப்பீங்க. எல்லாரும் கேக்கறதுதான். முதல்ல ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வந்துகினுதான் இருந்தேன். அப்புறம் முதலாளி செத்துட்டாரு, அவரு மகன் என் அகாமாவ புதுப்பிக்கல. அகாமான்னா அங்க நாம இருக்கறதுக்கு அவங்க குடுக்கற அட்டை. அது இல்லாதவன் தெருவுல நடக்கறதே குத்தம். மறைஞ்சி மறைஞ்சி வேலை செஞ்சேன். ஏர்போர்ட்டுக்குப் போனா பிடிப்பாங்க, போவலன்னா ஊரு இல்ல. போலீசுன்னா எனக்குப் புதுசா சார்? அங்க ஒரு சைரன் சத்தத்துக்கு மொட்டை மாடிலருந்து பக்கத்து மாடிக்குத் தாண்டினவன் நான். போன வருசம் மன்னிச்சி விடறோம்னு சொன்னாங்க, அந்தக் கூட்டத்தோட வந்து சேந்தேன்.

வந்து பாத்தா, பொண்ணு என்னை விட ஒசரம்.

அதுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தினது, காலேஜுல சேத்தது, டெங்கு வந்தப்ப திருப்பதி ஆஸ்பத்திரியில ராத்திரி பகலா குந்தினது, எல்லாம் எங்க மச்சான் தாமோதரன். அதோட தாய்மாமன். புத்தூருல எலெக்ட்ரிக் சாமான் கடை. எங்கூட்டுக்காரி பிள்ளையத் தூக்கிக்கினு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா, நான் வந்தப்புறமும் அங்கயேதான் இருக்கறா. சண்டை ஒண்ணும் இல்ல சார். சண்டை போடறதுக்கு ஒரு பழக்கம் வேணும் இல்ல? எங்களுக்கு அது விட்டுப் போச்சி. வாங்கன்னுவா, சாப்பிடுங்கன்னுவா. விருந்தாளிய கேக்கற மாதிரி.

அவங்களுக்குப் பிள்ளை இல்ல, மச்சானுக்கும் அவரு சம்சாரத்துக்கும்.

பத்திரிகைல என் பேரா? போட்டிருக்காங்க, போடாம இன்னா? அண்ணாதுரை குமாரத்தின்னு கொட்டை எழுத்துல. பேரு போடறது சுலபம். மணைல குந்தறதுதான் கஷ்டம். உங்க பக்கத்துல எப்படின்னு தெரியல, எங்க ஜனத்துல தாரை வாக்கறவன் பொண்ணைப் பெத்தவன். அவன் பந்தலுக்குள்ள காலை வெச்சிட்டா வேற எவனும் அந்த மணைல குந்த முடியாது. பொண்ணுக்கு சோறு போட்டவனா இரு, படிக்க வெச்சவனா இரு, அப்பன் எதிர்ல நின்னா எழுந்துக்கணும். எழலன்னா நாலு கெழவனுங்க வேட்டிய இறுக்கிக்கினு வந்துடுவானுங்க, அவன் இருக்கறப்ப இவன் எப்படின்னு. ஆனா அப்பன் வந்து சேரல, முகூர்த்தம் தவறப் போவுதுன்னா தாய்மாமன் வாக்கலாம். அதுல குத்தம் இல்ல. நேரம் யாருக்காகவும் நிக்காது. இப்பல்லாம் தெலுங்குக்காரங்க மாதிரி சீரகமும் வெல்லமும் அரைச்சி ஒருத்தர் தலைல ஒருத்தர் வெக்கறாங்க எங்க வீட்லயும். அது சரியா அந்த நேரத்துல வெக்கணும். அய்யரு போனையே பாத்துக்கினு இருப்பாரு.

அதான் சொல்றேன். ஒரு பல்பு. ஒரு பல்பு எரியலன்னு ஒருத்தன் என்னை நிறுத்தினான், என் பொண்ணு கையப் பிடிச்சி தண்ணி வுட வேண்டியவன் நான், இப்ப வேற ஆளு வுடப் போறாரு. இத போலீசுன்னு சொல்லுவீங்களா? ஈரம் இருக்கறவன் செய்ற வேலையா இது? பெள்ளின்னு சொல்றேன், கையக் கூப்பறேன். நில்லுன்றான். வண்டிய விட மாட்டேன், ஓரமா போயி நில்லுன்றான். பின்னாடி வந்த லாரி, ரெண்டு ஹெட்லைட்டுல ஒண்ணு இல்ல, அவன் சல்லுனு போறான். எனக்கு மட்டும் சட்டம்.

கேக்குதா சார்? கெட்டி மேளம். மைக்குல வெச்சிருக்காங்க. எது யாருதுன்னு தெரியாது. இன்னிக்கி பெரிய முகூர்த்த நாளு, அங்க நாலு மண்டபம் இருக்குது. காத்து அடிக்கற பக்கத்துல எது இருக்குதோ அது கேக்கும்.

ஐயோ, வேணாம் சார். உங்க காருல எதுக்கு? நீங்க திருப்பதி போறவங்க, நாராயணவனம் நீங்க வந்த வழி. திரும்பி இறக்கி விடறதெல்லாம் வேணாம். உங்க வீட்டம்மா காத்துக்கினு இருக்கறாங்க பாருங்க. உங்க நல்ல மனசு.

எங்க எழுந்துட்டீங்க? பேரிகேடாண்ட, அந்தப் போலீசு கிட்டயா? சார், சார், அங்க போவாதீங்க. யாரு, ஐ.ஜி. ஆபீசுல உங்க தோஸ்தா? போன் பண்ணாதீங்க சார், உங்களைக் கும்புட்டுக்கறேன். உக்காருங்க. அந்தப் போலீசுப் பையன் மேல குத்தம் ஒண்ணும் இல்ல.

அவன் விட்டுட்டான் சார்.

அப்பவே விட்டுட்டான். எஸ்.ஐ. எல்லாம் யாரும் இல்ல. ஒரே ஒரு பையன், இருவத்தஞ்சு வயசு இருக்கும், மீசை இப்பதான் மொளைக்குது. யாடிக்கி போதா உண்டாரு அன்னான்னு மரியாதையாத்தான் கேட்டான். லைட்டு இல்லன்னு அவனேதான் பின்னாடி குந்திப் பாத்தான், வயரு கழண்டிருக்குது, சாயங்காலம் போட்டுக்கோங்கன்னான். யாரும் சிரிக்கல. கூத்துரு பெள்ளின்னேன். ஐயோ போ அன்னா, போ, நீ இங்க நின்னா எப்படின்னு பேரிகேட தானே நகத்தி வுட்டான். நான்தான் போவல. கேஸ் எழுதுங்க சார்னேன். வண்டிய ஸ்டேஷனுக்கு எடுத்துக்கினு போங்க, நானும் வர்றேன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான். குடிச்சிருக்கறேனோன்னு கிட்ட வந்து மோந்து பாத்தான். அப்புறம், நல்ல நாளும் அதுவுமா கோவிச்சிக்காத அன்னான்னு முதுகுல தட்டி அனுப்பினான். வண்டி அதோ, கடைக்குப் பின்னாடி நிக்கிது.

நேத்து சாயங்காலம் தரணி போன் பண்ணிச்சி. நைனா, துன்னியான்னு கேட்டுது. துன்னேன்மான்னேன். கைல மருதாணி, போன யாரோ காதுல பிடிச்சிக்கினு இருக்கறாங்கன்னுது. பிடிச்சிக்கினு இருந்தவங்களை அனுப்பிட்டுதோ இன்னாவோ, கொஞ்சம் பொறுத்து மெதுவா பேசிச்சி. நைனா, நாளைக்கி நீ கொஞ்சம் லேட்டா வர்றியா? மாமா வாயத் தொறந்து கேக்க மாட்டாரு நைனா. மாமி மணைல குந்தறதுக்குன்னு ஒரு புடவை எடுத்து வெச்சி தெனம் எடுத்து எடுத்துப் பாத்துக்கினு இருக்குது. நீ வந்து நின்னா ரெண்டு பேரும் எழுந்துடுவாங்க நைனா.

அழல சார். அழுதா நான் கோவிச்சிக்கினு இருப்பேன். கேட்டுது, அவ்ளோதான். சரிம்மான்னேன். வண்டி கிண்டி நின்னு போச்சின்னு சொல்லிக்கறேன்னேன். சிரிச்சிது. நான் அதாண்ட பேசி அது சிரிச்சது அதான் முதல் தடவை.

வீட்ல குந்த முடியல, அதான் வெள்ளெனவே கெளம்பிட்டேன். எங்க நிக்கறதுன்னு தெரியல. போலீசு நிறுத்தினதும் மனசு லேசாச்சி, பொய் சொல்ல வேணாம் பாருங்க. அதையும் அவன் கெடுத்துட்டான், நல்லவன்.

அதனாலதான் உங்களாண்ட சொல்லிப் பாத்தேன். மன்னிச்சிக்கோங்க. மண்டபத்துல போயி உளறக் கூடாது, பொண்ணு மேல ஒரு பேச்சு வரக் கூடாது. எஸ்.ஐ. இருந்தாருன்றது நம்பறாப்புல இருந்திச்சா? லாரிய சேத்துக்கினது கொஞ்சம் அதிகமோ? இல்லயா, சரி.

உங்க டயரு ஆயிட்ச்சி, கூப்படறாரு பாருங்க. நானும் கெளம்பறேன். இன்னேரம் பந்தி போட்டிருப்பாங்க. நீங்க எவ்ளோ கேள்வி கேட்டீங்க சார், எஸ்.ஐ. பேரு இன்னா, எவ்ளோ நேரமா நிக்கிறீங்கன்னு. அங்கயும் யாராவது கேக்கணும். எங்கய்யா போயிட்ட, ஏன் லேட்டுன்னு ஒருத்தராவது கேக்கணும்.