உப்புப் பார்க்க ஆளில்லை

— தள்ளி நில்லு ஜெஸ்ஸி. அடுப்பு வாய்க்கு நேரா நிக்காத, மூஞ்சி வெந்துரும்.

— தீயே இல்லையேக்கா. கங்கெல்லாம் வாரி வெளிய போட்டுட்டீங்க. உள்ள வெறும் செங்கல்லுதான் இருக்கு.

— அந்தச் செங்கல்லுதான் வேக வைக்கிறது. தீ எரியும்போது பன்ன உள்ள விட்டா மேல கருகிரும், நடுவுல பச்சையா கெடக்கும். இரு, ஒரு சிட்டிகை மாவு வீசுறேன். நீ எண்ணு.

— ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு...

— ஏம்மா, பஸ்ஸப் புடிக்கவா போற? பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு எண்ணுவேல்ல, அந்த மாதிரி எண்ணு.

— ...பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. யம்மாடி, அதுக்குள்ள மாவு செவந்துருச்சு.

— சூடு ஜாஸ்தி. முப்பது எண்ணுற வரைக்கும் வெள்ளையா கெடந்து, அப்புறந்தான் செவக்கணும். செத்த நேரம் ஆறட்டும்.

— மீட்டர் இல்ல, சுவிட்சு இல்ல. ஒரு சிட்டிகை மாவு. எனக்கு ஹாஃபிஸாக்கா, இந்த எடத்துல நிக்கவே கோயில்ல நிக்கிறாப்புல இருக்கு.

— நல்லா இருக்கு போ, கரி புடிச்ச பேக்கரிய கோயிலாக்கிட்ட. பேசிக்கிட்டே அந்தத் தட்டுகளத் திருப்பி வை. பிரிட்ஜ்ல இருந்து எடுத்து ஒரு மணி நேரமாச்சா?

— ஆச்சு. எட்டுத் தட்டு, தட்டுக்கு நாப்பது. நாப்பது பன்னும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே பாயா கெடக்கு. நேத்து அந்த நீளக் கத்திய வச்சு, பாயோட சேத்து ஒரே இழுப்புல குறுக்க அறுத்தீங்கல்ல, அத எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னேன். நம்பவே மாட்டேங்குறாரு. ஒரு பன்னு கூட பிய்யலையான்னு மூணு தரம் கேட்டாரு.

— தனித்தனியா அறுத்து, தனித்தனியா தடவி, தனித்தனியா மூடுனா முந்நூத்தி இருபது சாண்ட்விச் எந்தக் காலத்துல முடியும்? மேல் பாயத் தூக்கி வச்சியா, அடிப் பாயில வெண்ணெயத் தடவுனியா, புதினாச் சட்னி, கெழங்கு, துருவுன சீஸ். மூடி, சில்வர் பேப்பரச் சுத்தி பிரிட்ஜ்ல தள்ளியாச்சு. மறுநாள் சூடு பண்றதுதான் வேல.

— ஒரு ராத்திரி பூரா கெடந்தா சட்னி ஊறி பன்னு கூழாயிரும்னு பயந்துக்கிட்டே வந்தேன். வந்து தொட்டுப் பாத்தா அடி காஞ்சு கெடக்கு.

— அதுக்குத்தான் மொதல்ல வெண்ணெ. அது தடுத்துரும், ஈரம் எறங்காது.

— இம்புட்டுதானான்னு இருக்கு. ஆனா எனக்கு இந்தப் பெறவியில தோணிருக்காது.

— உனக்குத் தோணுறது எனக்குத் தோணாது. மல ஏறுறவங்களுக்குச் சுடச்சுட சாண்ட்விச் குடுப்போம்னு வேற எவளுக்குத் தோணுச்சு?

— அவங்கள நெனச்சாத்தான் பயமா இருக்கு. மூணரைக்கு ஆத்தூர்க் கரட்டுல சிலுவைப்பாதை. பதினாலு ஸ்தலம், எல்லாரும் வெறுங்காலு. காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம ஒருசந்தி இருந்துட்டு ஏறி எறங்குறாங்க. இன்னைக்கு அவங்களுக்கு அந்த ஒரு வேளைதான்.

— தெரியும்மா. கடைசித் தட்டு நாலு மணிக்கு வெளிய வந்துரும். தெர்மாகோல் பெட்டியில அடைச்சு மேல கம்பளியப் போத்திவிடுறேன். பிரிக்கும்போது ஆவி பறக்கும்.

— போன வருசம் தக்காளிசாதம் வெயில்ல புளிச்சுப்போயி, பாதிப் பேரு பொட்டலத்த மடக்கி வச்சுட்டுப் பட்டினியா வீட்டுக்குப் போனாங்க. அதனாலதான் மாதா சபைக் கூட்டத்துல எந்திரிச்சு, இந்த வருசம் எங்கிட்ட விடுங்கன்னேன். இஞ்ஞாசியம்மா, அதான் எங்க சபைத் தலைவி, எல்லார் முன்னாலயும் கேட்டாங்க. ரொட்டியத் தின்னு எவ ஒருசந்தி விடுவா டீச்சருன்னு.

— நீ என்ன சொன்ன?

— ஒரு வாய் வச்சுப் பாத்துட்டு அப்புறம் பேசுங்கன்னேன். நல்லவேளை, நேத்து நீங்க சட்னி அரைக்க உள்ள போனப்பவே கெழங்குக்கு உப்ப மறக்காமப் போட்டேன். அத விட்டிருந்தா என் மானமே போயிருக்கும்.

— என்ன உப்பு?

— கெழங்குக்குத்தான்.

— கெழங்குக்கு நான்ல போட்டேன்.

— எப்பக்கா?

— சட்னியத் தூக்கிட்டு வந்தேன்ல, அப்ப. நீ வாசல்ல நின்னு போன் பேசிக்கிட்டு இருந்த.

— நான் அதுக்கு முந்தியே போட்டுட்டேன்.

— சொல்லலையே புள்ள.

— நீங்களும் சொல்லலையே. சொல்லாட்டியும் மத்த நாளா இருந்தா வாயில வச்சுப் பாத்திருப்போம். நேத்து ரெண்டு பேரு வாயையும்ல பூட்டி வச்சிருந்தோம். உங்களுக்கு ரமலான் நோம்பு, எனக்குத் தவக்காலம்.

— யா அல்லா.

— ரெண்டு பங்கு உப்பு. தண்ணி குடிக்காம மல ஏறி எறங்குன முந்நூறு வாயிக்கு. என்னால முடியலக்கா. நான் எப்படி அவங்க மூஞ்சில முழிப்பேன்?

— ஒக்காரு. அந்த முக்காலியில ஒக்காரு மொதல்ல. உப்பு கூடிப்போயிருந்தா மேல் பாயத் தூக்கி, உப்பில்லாத கெழங்க அவிச்சுச் சேத்துரலாம், நேரம் இருக்கு. சரியா இருந்தா அப்படியே உள்ள விடலாம். ஆனா தெரியாம மட்டும் பிரிக்கக் கூடாது. வீணா சப்புன்னு ஆயிரும். ஒருத்தரு உப்புப் பாத்துச் சொன்னாப் போதும்.

— யாரு பாக்குறது? கடை ஆளுக எல்லாம் ஜும்மாத் தொழுகைக்குப் போயாச்சு.

— இருந்தாலும் நோம்பாளிகதான. எங்க மாமியாவும் நோம்பு.

— ஆட்டோக்காரரு சோலைமுத்து அண்ணன் வந்துட்டாரு, வாசல்ல நிக்கிறாரு.

— அவரு பிரஷருக்குப் பயந்து ரெண்டு வருசமா உப்பில்லாமத் திங்கிறவரு. வெறும் பன்னக் குடுத்தாலும் கரிக்குதும்பாரு.

— பக்கத்துத் தையல்கடை மகேஸ்வரி?

— வெள்ளிக்கிழமை விரதம். பொழுது சாஞ்சு வெளக்குப் போட்டுட்டுத்தான் காப்பித் தண்ணியே குடிப்பா.

— அழுகையா வந்துச்சு, இப்ப சிரிப்பு வருதுக்கா. இந்த நாகல் நகர்ல இன்னைக்குச் சாப்புடுற வாயி ஒண்ணு கூட இல்லையா?

— நல்ல கெழமையாப் பாத்து வச்சிருக்க. அந்த ஓரத்துப் பன்ன ஒண்ணு பிச்சுக் குடு. அடுப்பு வாய்க்கிட்ட சூடு கம்மி, அங்க வச்சு எடுக்குறேன். வெந்து சீஸ் எறங்குனாத்தான் உப்பு சரியாத் தெரியும்.

— வெந்தபெறகு யாரு திங்கிறது?

— மொதல்ல வேகட்டும்.

— அதுக்குள்ள சீஸ் உருகிருச்சா?

— ஆச்சு. கிட்ட வந்து பாரு.

— வாசனைக்கா. எனக்குக் கண்ணு தண்ணியா ஊறுது. வெண்ணெயும் புதினாவும் சேந்து இப்படி ஒரு வாசம் இருக்கும்னு யாரும் சொல்லலையே. பாருங்க, மேல் தோலு பொன்னுக் கணக்கா மின்னுது. ஓரத்துல சீஸ் பொரியுது. நேத்து நம்ம வச்சப்ப வெளுத்துப்போயி செத்தாப்புல கெடந்துச்சு. உசுரு வந்துருச்சு அதுக்கு.

— அதுக்குத்தான் நான் இந்தத் தொழில விட மாட்டேங்குறது. எத்தன வருசமானாலும் அடுப்பத் தொறக்கும்போது நெஞ்சு ஒரு தரம் அடிச்சுக்கிடும். துடுப்பக் குடு, எடுக்குறேன்.

— நான் பாக்குறேன்கா. நான் ஆரம்பிச்ச வேல, என் ஒருசந்தி போனா போகுது. சேசுசாமி மன்னிச்சுருவாரு.

— நீ சும்மா இரு. சாயங்காலம் அந்த இஞ்ஞாசியம்மா முன்னால நெஞ்ச நிமித்தி நிக்கணும்ல. தட்ட இங்கிட்டு நகட்டு.

— நாக்கு நுனியில வச்சுப் பாத்துட்டுத் துப்பிரணும். சமைக்கிறவங்க அப்படிப் பாக்கலாம்னு நீங்களே சொல்லிருக்கீங்க. இந்தாங்க, துப்புறதுக்குக் கிண்ணம்.

— ம்.

— அக்கா.

— ம்ம்.

— அக்கா, முழுங்கிட்டீங்க.

— சரியா இருக்கு ஜெஸ்ஸி. ஒரு கல்லு உப்பு கூட இல்ல, ஒரு கல்லு கொறைய இல்ல.

— ரெண்டு பேரு போட்டுமா?

— ரெண்டு பேரும் வாயில வைக்க முடியாதேன்னு பயந்து பயந்து பாதிதான் போட்டிருக்கோம். நோம்புக் கை பாரு. ஒண்ணும் ஒண்ணும் சேந்து சரியாப்போச்சு.

— ஆண்டவரே. எனக்குப் புல்லரிக்குது. கையப் பாருங்க. சொல்லி வச்சுப் போட்டிருந்தாக் கூட இப்படி அமைஞ்சிருக்காது.

— அமையாதுதான். சீஸ் நூலு நூலா வருது, பாரு. அடிப் பக்கம் மொறுமொறுன்னு இருக்கு. உங்க இஞ்ஞாசியம்மா ரெண்டாவது கேப்பாங்க.

— அக்கா, நீங்க இன்னும் தின்னுக்கிட்டே இருக்கீங்க.

— ஆமா.

— தெரியாம முழுங்குனீங்கன்னு நெனச்சேன். முழுசையும் தின்னுட்டீங்க. எனக்காக நோம்ப முறிச்சுட்டீங்களே. ஏன்கா இப்படிச் செஞ்சீங்க? கல்யாணமாகி பதினோரு வருசமா நீங்க ஒரு நோம்பு விட்டதில்ல. தூரமாகி விட்டுப்போன நாளையும் பெருநாளு கழிச்சு எண்ணிப் புடிச்சுருவீங்க. அம்புட்டு நோம்பும் எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? நான் ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் உங்களுக்கும் சேத்து ஒரு தொட்டிலு கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு பன்னுக்காக அத உடைக்க வச்ச பாவம் என்னச் சும்மா விடுமா?

— அழுகாத புள்ள. உனக்காக முறிக்கல. காலையில பத்து மணிக்கே நோம்ப விட்டாச்சு. விட்டுட்டு என்னத்தத் திங்கிறதுன்னுதான் தெரியல. தண்ணிச் செம்ப எடுக்குறேன், வைக்கிறேன், எடுக்குறேன், வைக்கிறேன். கை வரல. இதுதான் மொத வாயி.

— பத்து மணிக்கா? ஏன், உடம்புக்கு என்ன செய்யுது?

— ஒண்ணும் செய்யல. அவருக்கே இன்னும் தெரியாது, தொழுதுட்டு வரட்டும்னு இருக்கேன். வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு இனி பட்டினி கெடக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க, ஜெஸ்ஸி.